சுவேதகேதுவின் பதினைந்து நாள்

ஆன்மிகம் என்றவுடன் உடலை ஒடுக்குதல், உண்ணாநோன்பு, உலகைத் துறத்தல் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. உள்ளாற்றல் பெருக வேண்டுமாயின் உடலை மறந்தாக வேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆனால் இந்து தத்துவத்தின் ஊற்றாகிய உபநிடதங்கள் எல்லா இடத்திலும் அவ்வாறு கூறவில்லை. சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் வரும் ஒரு நிகழ்ச்சியை இங்கே காண்போம்.

உத்தாலக ஆருணி என்னும் ஞானியின் மைந்தன் சுவேதகேது. 12 வயதில் குருவிடம் சென்றவன், 24 வயதில் வேதங்கள் அனைத்தையும் கற்றுத் திரும்புகிறான். கல்வியோடு செருக்கும் வந்திருந்தது. (பட்டம் பெறும் முன்பே அது நமக்கு வந்துவிடுவதுண்டு!) தந்தை பாடம் தொடங்குகிறார். உண்ட உணவின் பருமையான பகுதி மலமாகிறது, நடுப்பகுதி தசையாகிறது, தயிரைக் கடைய வெண்ணெய் மேலெழுவதுபோல் நுண்ணிய பகுதி மேலெழுந்து மனமாகிறது. அவ்வாறே நீரின் நுண்பகுதி உயிர்மூச்சாகிறது. மகனுக்கு விளங்கவில்லை. இன்னும் சொல்லுங்கள் என்கிறான்.

தந்தை சொல்லவில்லை, சோதனை செய்யச் சொல்கிறார். மனிதன் 16 கலைகளை உடையவன். 15 நாள் உண்ணாதிரு. நீரை மட்டும் வேண்டிய அளவு பருகு, உயிர் நீங்காது என்கிறார். மகன் அவ்வாறே இருந்துவிட்டு வருகிறான். வேதத்தை ஓது என்றால் ஒரு மந்திரமும் நினைவுக்கு வரவில்லை. 12 ஆண்டுக் கல்வி! போய் உண்டு வா என்கிறார் தந்தை. உண்டு வந்தபின் கேட்டவற்றுக்கெல்லாம் விடை கூறுகிறான்.

பெருந்தீ அணைந்து மின்மினி அளவு தணல் எஞ்சினால் அதனால் எதையும் பெரிதாக எரிக்க இயலாது; புல்லை இட்டால் அதுவே மீண்டும் கொழுந்துவிடும். உன்னிடம் எஞ்சிய ஒரு கலையும் அத்தகையதே என்று தந்தை விளக்குகிறார்.

விலங்கியல் மாணவனாகிய எனக்கு இப்பகுதி வியப்பளித்தது. உணவின் நுண்பகுதியே மனம் என்பதை இன்றைய உடலியல் அப்படியே ஏற்காது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் ஆள் இல்லாத இச்சோதனைக்கு எங்கள் செய்முறை வகுப்பில் ரிக்கார்டு நோட்டில் கையெழுத்தும் கிடைக்காது. ஆயினும் நீரை விட்டுவைத்து உணவை மட்டும் நீக்கியதும், பிறகு அதைத் திரும்பக் கொடுத்துப் பார்த்ததும் நல்ல முறையே. உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது என்பதை நாம் படித்திருக்கிறோம்.

இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. சுவேதகேதுவின் கல்வி அழியவில்லை. காலையில் ஒன்றும் உண்ணாமல், பேருந்தில் நின்றபடியே வந்து, முதல் மணி வகுப்பில் விழிப்பவனை மந்தபுத்தி என்று சொல்லிவிடுகிறோமே, அவனிடமும் தணல் இருக்கிறது. நானும் பள்ளியில் அப்படி விழித்தவன்தான். மதியச் சத்துணவுக்குப் பிறகு கணக்கு ஓரளவு வரும். சுவேதகேது வீட்டில் சோறு இருந்தது. அவன் பட்டினி அவனே ஏற்றது. விரதம் வேறு, பசி வேறு. இவ்வேறுபாட்டைக் காணாமல் பட்டினியின் பெருமை பேசுவோர் மீது எனக்கு மதிப்பில்லை.

தைத்திரீய உபநிடதத்தில் பிருகு தன் தந்தை வருணனிடம் பிரம்மத்தைப் பற்றிக் கேட்கிறான். தவத்தில் அவன் முதலில் கண்டறிவது, உணவே பிரம்மம் என்பது. பின்னர் உயிர், மனம், அறிவு எனப் படிப்படியாக ஏறி ஆனந்தத்தை அடைகிறான். நூல் அங்கு நின்றுவிடாமல் மீண்டும் உணவுக்கே திரும்பி, உணவை இகழாதே, இல்லம் தேடி வந்தவரைத் திருப்பி அனுப்பாதே என்று விரதம் விதிக்கிறது. உச்சிப்படிக்கு ஏறியபின்னும் அடிப்படி தேவைப்படுகிறது.

வேத மரபை அப்படியே பின்பற்றாத நம் வள்ளலாரும், வீடுபேற்றுக்குச் சீவகாருணியத்தையே திறவுகோலாகக் கொண்டார். அதில் முதலிடம் பசி தீர்த்தலுக்கே. 1867-இல் வடலூரில் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது.

மீண்டும் சுவேதகேதுவிடம் வருவோம். நீயே அது என்னும் பொருளுடைய மகாவாக்கியம் அந்த ஆறாம் அத்தியாயத்தில் ஒன்பது முறை வருகிறது. ஆலம்விதையைப் பிளந்து காட்டியதும், உப்பை நீரில் கரைத்துச் சுவைக்கச் சொன்னதும் அப்பகுதியில்தான். அந்த ஒன்பதில் ஒன்றுகூட, மகன் உண்பதற்கு முன் சொல்லப்படவில்லை.