பலகைத் தளமும் பாவுக் கணக்கும்

நூல் மூட்டையும் தானிய மூட்டையும் தரையின் ஈரத்தில் படாதிருக்கக் கிடங்குகளுக்குப் பலகைத் தளம் இடுவதுண்டு. ஒரே அகலமுள்ள பலகை போதிய அளவு கிடைக்காதபோது, மூன்று அகலங்களைக் கலந்து வரிசை மாறாமல் இடலாம். இதற்கு மரம் மதிப்பிடுவதில் நேரும் பிழை, உறுப்பினர்களின் பங்குப் பணத்தையே வீணாக்கும். ஆகவே அக்கணக்கை இங்கு ஆராய்வோம்.

20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 300 சதுர அடி. பலகைகள் 3, 4, 5 அங்குல அகலமுள்ளவை. 'மூன்று வகை, ஆகவே வகைக்கு 100 சதுர அடி' என்று எண்ணத் தோன்றும். அது தவறு. 100 சதுர அடிக்கு 3 அங்குலப் பலகை 400 அடியும், 4 அங்குலப் பலகை 300 அடியும், 5 அங்குலப் பலகை 240 அடியும் வரும். 20 அடி நீள அறையில் இவை முறையே 20, 15, 12 வரிசைகளாகும். 12 சுற்று முடிந்ததும் 5 அங்குலப் பலகை தீர்ந்துவிடும். எஞ்சிய 3 அடி அகலமும் ஒழுங்கு கெடும்.

கோடிட்ட சேலைக்குப் பாவு ஓடும் நெசவாளர் இப்பிழையைச் செய்யார். ஒரு சுற்றில் எந்நிறத்தில் எத்தனை இழை, மொத்தம் எத்தனை சுற்று என்றே அவர் கணக்கிடுவார். பலகைக்கும் அம்முறையே பொருந்தும். 3, 4, 5 கூட்டினால் ஒரு சுற்று 12 அங்குலம். 15 அடிக்கு 15 சுற்று. ஆகவே வகைக்கு 300 அடி நீளம். பத்து விழுக்காடு சேதாரம் சேர்த்தால் 330 அடி.

இத்துடன் கணக்கு முடிந்துவிடவில்லை. பலகைகளை நாக்கும் காடியுமாக இணைப்பின், நாக்கு அடுத்த பலகைக்குள் மறைந்துவிடும். விற்கும் அகலத்தில் நாக்கு அரை அங்குலமாயின், வெளியே தெரிவது 2½, 3½, 4½ அங்குலமே. அப்பொழுது ஒரு சுற்று 10½ அங்குலம். 17 சுற்றுக்கு 178½ அங்குலம். அறையின் அகலமோ 180 அங்குலம். எஞ்சும் 1½ அங்குலத்தை இரு சுவரோரமும் முக்கால் அங்குல இடைவெளியாக விடுதல் நலம். மழைக் காலத்தில் மரம் அகலவாட்டில் உப்பும். இடமில்லாவிடில் தளம் மேலெழும்பும். அவ்விடைவெளியைச் சுவரடிப் பலகை மறைத்துவிடும்.

எனவே வகைக்கு வேண்டுவது 17 x 20 = 340 அடி; சேதாரத்துடன் 374 அடி. முன்னர்க் கண்ட 330 அடி, சேதாரமே இல்லாவிடினும் போதாது. குறையைப் பின்னர் வாங்கினால், மரத்தின் நிறமும் உலர்வும் மாறுபடக்கூடும். ஓரங்குலக் கனமாயின், மூன்று வகையும் சேர்ந்து ஏறத்தாழ 31 கன அடியாகும்.

மரக்கடைக்குச் செல்லுமுன் நிர்வாகக் குழுவினர் மூன்றைக் கேட்டறிதல் வேண்டும்: வெளியே தெரியும் அகலம் எவ்வளவு, சுற்று எத்தனை, சேதாரம் எவ்வளவு? இவற்றுக்கு விடை எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுவோமாக.