‘டரெட்’ என்னும் சொல்

ஆங்கில அகராதியில் ‘டரெட்’ என்ற சொல்லுக்குச் ‘சிறு கோபுரம்’ என்று பொருள் காண்கிறோம். பொருள் சரியே. ஆனால் அதை மட்டும் கைக்கொண்டு பொறியியல் நூலுக்குள் புகும் மாணவர் இடறிவிடுவார். எவ்வாறு என்று பார்ப்போம்.

இலத்தீனில் ‘துர்ரிஸ்’ என்றால் கோபுரம். அது பிரெஞ்சில் ‘தூர்’ ஆகி, சிறுமைப் பொருள் தரும் விகுதி சேர்ந்து, பின் ஆங்கிலத்தில் ‘டரெட்’ ஆயிற்று. ஐரோப்பியக் கோட்டைகளின் மூலைகளில் ஒடுங்கி எழும் கோபுரம் இது. சில, தரையைத் தொடாமல் சுவரின் மேற்பகுதியிலிருந்தே பிதுங்கி நிற்கும். காவலன் அங்கு நின்று பல திசையும் நோக்கலாம்.

அடுத்து, இச்சொல் போர்க்கப்பலில் ஏறியது. பீரங்கிகள் கப்பலின் பக்கவாட்டில் வரிசையாக இருந்தவரை, குறி மாற வேண்டுமானால் பெரும்பாலும் கப்பலையே திருப்ப வேண்டும். 1862-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறங்கிய ‘மானிட்டர்’ கப்பலில், எரிக்சன் என்ற பொறியாளர் இரண்டு பீரங்கிகளை வட்டமான இரும்புக் கூண்டில் வைத்தார். நீராவியின் வலியால் அக்கூண்டு தானே சுழன்றது. 1917-இல் பிரெஞ்சு ரெனோ டாங்கியின் உச்சியிலும் சுழலும் கூண்டு அமர்ந்தது. கோட்டையில் அசையாது நின்றது இங்கே சுழல்கிறது, உயரம் போய்விட்டது.

பட்டறையில் ‘டரெட் லேத்’ என்கிறோம். அதில் ஆறு முகமுள்ள ஒரு தலையில் பல வெட்டுளிகள் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு வேலை முடிந்ததும் தலை திரும்பி, அடுத்த உளி முன்வரும். ஒவ்வொரு முறையும் உளியைக் கழற்றி மாட்ட வேண்டியதில்லை. நுண்ணோக்கியில் பல வில்லைகளைத் தாங்கித் திரும்பும் பகுதிக்கும் இப்பெயர் உண்டு. இங்கே கோபுரமும் இல்லை, காவலும் இல்லை. திரும்பும் தொழில் ஒன்றே எஞ்சி நிற்கிறது.

ஆகவே, லேத்தைக் ‘கோபுரக் கடைசல் பொறி’ என்று எழுதினால் தமிழாக இருக்கும், பொருள் இராது. கோபுரம் என்றதும் நம் மனக்கண்முன் கோயில் வாயிலல்லவா தோன்றும்! கட்டடத்திற்குச் ‘சிறுகோபுரம்’, கப்பலுக்கும் டாங்கிக்கும் ‘சுழற்கூண்டு’, லேத்துக்கும் நுண்ணோக்கிக்கும் ‘சுழல்தலை’ என மூன்றாகப் பிரிப்பதே தக்கது என்பது என் கருத்து. சொல்லை மொழிபெயர்க்குமுன் அது செய்யும் தொழிலைக் கேட்க வேண்டும். பட்டறையில் பழகும் நண்பர்கள் இவற்றினும் நல்ல சொற்களைத் தருவார்களாயின், மகிழ்ச்சியுடன் ஏற்பேன்.