‘கேஸ்ட்ரிக்’ என்று எழுதுவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

கோல சிலாங்கூர் வட்டாரத்துக்கு மருத்துவராக வருகிறாய். மகிழ்ச்சி. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என எந்தப் பக்கத்துக் கிளினிக்கில் உட்கார்ந்தாலும், நம் தோட்டத்து மக்களிடம் நீ அடிக்கடி கேட்கப்போகும் சொல் ‘கேஸ்ட்ரிக்’. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் வந்தார். “டாக்டர், கேஸ்ட்ரிக். நெஞ்செல்லாம் எரியுது, வேர்த்துக் கொட்டுது” என்றார். எரிச்சல் என் காதில் விழுந்தது, வேர்வை விழவில்லை. வெள்ளை மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவருக்கு வந்திருந்தது மாரடைப்பு. மறுநாள் அவர் வீட்டு வாசலில் நான் நின்றதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. எரிச்சலோடு வேர்வையோ மூச்சுத்திணறலோ இருந்தால், அதிலும் சர்க்கரை நோயாளியாக இருந்தால், முதலில் ஈசிஜி எடு. மற்றதெல்லாம் அப்புறம்.

அமிலத்தைப் பகையாக நினைக்காதே. நாளுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் இரைப்பை நீர் சுரக்கிறது. உணவோடு வரும் கிருமிகளைக் கொல்வதும், புரதச் செரிமானத்தைத் தொடங்கி வைப்பதும், இரும்புச்சத்தை உடலில் சேர்க்க உதவுவதும் அதிலுள்ள அமிலம்தான். மேலே ஏறினாலோ, காக்கும் சவ்வு கெட்டாலோதான் அது சுடுகிறது. சவ்வு ஏன் கெட்டது என்று தேடுவதே உன் வேலை.

நம்மவர்கள் பழியைத் தங்கள்மீதே போட்டுக்கொண்டு வருவார்கள். “நேரத்துக்குப் பசியாறலைங்க, காரம் ஜாஸ்தி” என்பார்கள். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, போகிறவருக்கு ஏது நேரம்? காரம் எரிச்சலைக் கூட்டலாம். குடற்புண்ணுக்கு அதுவே காரணமாகிவிடாது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் அதற்குக் காரணமாக ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் காட்டினார்கள். 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலும் சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே தொற்றும் கிருமி இது. மலேசிய ஆய்வுகளில் இந்தியர்களிடம் அதிகமாகவும் மலாய்க்காரர்களிடம் குறைவாகவும் காணப்பட்டிருக்கிறது. ஆகவே திட்டாதே, சோதித்துப் பார். இருந்தால் இரண்டு வாரக் கூட்டுச் சிகிச்சையை முழுதாக முடிக்க வை; கிருமி போய்விட்டதா என்று மறுபடியும் பார்.

இன்னொரு காரணம் அவர்கள் சட்டைப் பையிலேயே இருக்கும். குலை வெட்டி வெட்டித் தோளும் இடுப்பும் வலிக்கிறவர் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம் போன்றவை சவ்வின் காப்பைக் குறைக்கும். ஜாமு எனப்படும் நாட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் பிடிபட்டிருக்கிறது. “மருந்து சாப்பிடுறீங்களா?” என்றால் இல்லை என்பார்கள். “வலிக்கு என்ன போடுறீங்க?” என்று கேள்.

ஒமெப்ரசோல் நல்ல மருந்து. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும் என்பதை நிறுத்தி, நிதானமாகச் சொல். ஆனால் அது புற்றுநோயின் வலியைக்கூடச் சில காலம் அடக்கிவிடும். தார் போன்ற கறுப்பு மலம், எடைக் குறைவு, விழுங்கச் சிரமம், ரத்தச்சோகை இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் எண்டோஸ்கோப்பிக்கு அனுப்பு. ஒருநாள் சம்பளம் போகும் என்று அவர் தயங்கினால், ஏன் போக வேண்டும் என்பதை அவர் மனைவிக்கும் எடுத்துச் சொல்.

நாம் பார்த்ததும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டே: “பசியாறிட்டீங்களாண்ணே?” அதையே கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை பேனாவை எடுக்காதே. வெறும் வயிற்றில் வலிக்கிறதா, சாப்பிட்டுப் படுத்தால் எரிகிறதா, நடுச்சாமத்தில் எழுப்புகிறதா என்று அவரே சொல்லிவிடுவார். அன்றைக்கு நான் கேட்காமல் விட்டதும் அந்தப் பதிலைத்தான்.

அன்புடன்,
உனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவன்