கீரையில் இல்லாத வைட்டமின்

கேள்வி: எனக்கு வயது 61. பிறந்ததிலிருந்து சைவம், முட்டைகூடத் தொட்டதில்லை. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். சில மாதமாக இரண்டு பாதமும் மதமதவென்று இருக்கிறது. செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை. ஹீமோகுளோபின் 12 இருப்பதால் சத்துக்குறைவு இல்லை, சர்க்கரையால்தான் இது என்கிறார்கள். பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளோ, பி12 குறைந்திருக்கும் என்கிறாள். தினமும் கீரை சமைக்கிறேன், காலையில் கொஞ்சம் பழைய சோறும் உண்டு. அப்படியும் குறையுமா? கடையில் பி காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போட்டால் போதாதா?
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: மகள் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். சர்க்கரையாலும் பாதம் மரத்துப்போகும், பி12 குறைந்தாலும் மரத்துப்போகும். தொட்டுப் பார்த்து இன்னதென்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

கீரையில் இரும்பு, ஃபோலிக் அமிலம் எல்லாம் இருக்கின்றன, பி12 கிடையாது. இந்த வைட்டமினைச் செடியும் செய்வதில்லை, விலங்கும் செய்வதில்லை. பாக்டீரியா மட்டுமே செய்கிறது. மாட்டின் இரைப்பையில் அது உருவாகி, பால் வழியாக நமக்கு வருகிறது. பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடப்பதாக வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். வயிற்றுக்கு இதமான உணவுதான், ஆனால் இந்தத் தேவைக்கு அதை நம்பியிருக்க முடியாது. ஒரு நாளைக்கு 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் வேண்டும். ஒரு பெரிய தம்ளர் பாலில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம் கிடைக்கும். காபியில் கலக்கும் பாலை வைத்துக் கணக்குப் போட்டால் எங்கே நிற்பீர்கள் என்று பாருங்கள்.

சாப்பிட்டதும் முழுதாக உடம்பில் சேராது. உணவிலிருந்து பி12-ஐப் பிரிக்க இரைப்பை அமிலம் வேண்டும்; வயதாக ஆக அது பலருக்குக் குறைகிறது. நெஞ்செரிச்சலுக்கு நாள்தோறும் மாத்திரை போடுகிறவர்களுக்கு இன்னும் குறையும். பிறகு சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அது உறிஞ்சப்பட வேண்டும். மெட்ஃபார்மின் அங்கேதான் குறுக்கே நிற்கிறது. பல வருடம் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, அதிலும் கால் மரத்துப்போனவர்களுக்கு, பி12 அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமே வழிகாட்டியிருக்கிறது. அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நல்ல மருந்து அது.

கல்லீரலில் சில வருடத்துக்கான இருப்பு இருப்பதால் குறைபாடு மெல்லத்தான் தலைகாட்டும். ஹீமோகுளோபினை வைத்துத் தைரியம் சொன்னதுதான் எனக்கு உடன்பாடில்லை. ரத்தசோகை வராமலே பி12 குறைவு நரம்பைக் கெடுக்கலாம். கீரையிலிருந்து கிடைக்கும் ஃபோலிக் அமிலம் ரத்தத்தை ஓரளவு சரிக்கட்டி வைத்திருக்கும்; நரம்பை அது காப்பாற்றாது.

பி காம்ப்ளெக்ஸ் விஷயத்திலும் இதே சிக்கல்தான். பலவற்றில் ஃபோலிக் அமிலம் இருக்கும், பி12 சொற்பமாக இருக்கும். பி6 அதிக அளவில் உள்ளதை நெடுநாள் போட்டால் அதுவே காலை மரத்துப்போகச் செய்யும். எனவே எதையும் தொடங்குமுன் ரத்தத்தில் பி12 அளவைப் பாருங்கள்; மாத்திரை போட்ட பிறகு பார்த்தால் முடிவு குழப்பும். ஒரு மில்லிலிட்டரில் 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவுதான். 200-க்கும் 300-க்கும் இடையில் இருந்தால், உங்களைப் போல் தொந்தரவு உள்ளவர்களை அப்படியே விட்டுவிடக் கூடாது.

குறைவு உறுதியானால், நரம்புத் தொந்தரவு இருப்பதால் பெரும்பாலும் ஊசியில்தான் தொடங்குவார்கள். மருந்து சிவப்பாக இருக்கும், பயப்படாதீர்கள். அதிலுள்ள கோபால்ட் தரும் நிறம் அது. 1920-களில் இதே குறைபாட்டின் கடுமையான வகைக்கு பாஸ்டனில் மினாட், மர்ஃபி என்ற மருத்துவர்கள் தினமும் ஈரலைத்தான் சாப்பிடக் கொடுத்தார்கள். அதற்கு 1934-இல் நோபல் பரிசும் கிடைத்தது. 1948-இல் வைட்டமினைத் தனியாகப் பிரித்தெடுத்ததால் சைவர்கள் தப்பித்தோம்!

ஊசி போட்டதும் மறுநாளே உணர்ச்சி திரும்பாது. வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். நாள்பட்ட மரப்பு முழுதாக நீங்காமலும் போகலாம். அதுவரை வெறுங்காலோடு நடக்காதீர்கள், இரவில் பாதத்தைப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

மகளும் சைவம்தானே? அவரும் பி12 அளவைப் பார்த்துக்கொள்ளட்டும். தாய்க்குக் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். உங்களைப் போல் பல வருட இருப்பு கைக்குழந்தைக்குக் கிடையாது.