தாளில் எழும் மாருதம்

காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடிக்குச் செல்லும் சாலையில் அமைந்த சிற்றூர் பூவம். அவ்வூர் மாணவன் ஒருவன் போர் விமானம் ஒன்றைத் தாளால் செய்ய முற்படுகிறான் எனக் கொள்க. அவனிடம் இருப்பவை தடித்த தாள், அட்டை, கத்தரிக்கோல், அளவுகோல், கவராயம், சிறிது பசை ஆகியவையே. இவற்றைக்கொண்டு விண்ணில் முழங்கிச் செல்லும் ஊர்தியின் உருவைப் படைத்தல் கூடுமோ? கூடும். ஆயினும், சிறுவர் மடித்து எறியும் தாள் அம்பு வேறு. அளவு பிறழாது அமைக்கும் சிற்றுரு வேறு.

பெரியதொன்றைச் சிறிதாக்கிக் காணும் கலை அப்பகுதியினர்க்குப் புதிதன்று. அண்மையிலுள்ள நாகூரில் கந்தூரி விழாவின்போது கப்பல் வடிவில் ஒப்பனை செய்த ரதங்கள் தெருவில் வலம் வருதலை மக்கள் கண்டு மகிழ்வர். அயல்நாடுகளிலும் இக்கலை செழித்துள்ளது. போலந்து நாட்டில் 1957ஆம் ஆண்டு தொடங்கிய 'மாவி மோடெலாஷ்' என்னும் இதழ், வெட்டி ஒட்டுதற்குரிய விமானப் படங்களைத் தாளிலேயே அச்சிட்டு இளைஞர்க்கு வழங்கியது.

எந்த விமானத்தைச் செய்வது? நம் நாட்டிலேயே உருவான 'மாருத்' இதற்கு ஏற்றது. அப்பெயர் காற்றைக் குறிக்கும். தமிழ் நூல் பயின்றோர் மாருதம் என்னும் சொல்லை அறிவர். செருமானியப் பொறியறிஞர் குர்ட் டாங்க் 1956இல் இந்தியா வந்து, பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் பொறியாளர்களுடன் கூடி இதனை வரைந்தார். உலோகத்தில் செய்வதற்கு முன்னர், அதே அளவில் மரத்தாலான, எஞ்சின் இல்லாத விமானம் ஒன்று செய்யப்பெற்றது. டகோட்டா விமானம் அதனைக் கட்டி இழுத்து மேலே கொணர்ந்து விடுவிக்க, அது 1959இல் மிதந்து பறந்தது. வடிவில் உள்ள குறைகளை மரத்திலேயே கண்டறிதல் அன்றோ அறிவுடைமை? பின்னர், 1961 ஜூன் 17ஆம் நாள் உண்மை விமானத்தைச் சுரஞ்சன் தாஸ் என்னும் விமானி முதன்முறை பறக்கவிட்டார். 1967இல் அது விமானப்படையில் சேர்ந்தது. 1971ஆம் ஆண்டுப் போரில் இராசத்தான் எல்லையில் பணிபுரிந்தது. ஒலியினும் இருமடங்கு விரைந்து செல்லும் என்று எண்ணி வரையப்பெற்ற அவ்விமானத்திற்கு, அதற்கேற்ற ஆற்றலுடைய எஞ்சின் இறுதிவரை வாய்க்கவில்லை. அக்குறையைப் போக்க முயன்ற சோதனை விமானம் ஒன்றிலேயே, 1970 ஜனவரியில், சுரஞ்சன் தாஸ் விபத்துக்குள்ளாகி உயிர் நீத்தார்.

இனி அளவைக் காண்போர்க்கு வியப்பு மிகும். மாருதத்தின் நீளம் 15.87 மீட்டர், இறக்கையின் அகலம் 9 மீட்டர், உயரம் 3.6 மீட்டர். ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கின், ஒரு மீட்டர் இரண்டு சென்டிமீட்டர் ஆகும். எனவே, நீளம் ஏறத்தாழ 31.7 சென்டிமீட்டர், அகலம் 18, உயரம் 7.2. ஐந்தரை அடி உயரமுள்ள விமானி மூன்றரைச் சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுவான். மூக்கில் உள்ள நான்கு பீரங்கிகளின் வாய் 30 மில்லிமீட்டர். தாளில் அஃது 0.6 மில்லிமீட்டர்தான்! அதனை ஊசி முனையால் குத்திக் காட்டலாமேயன்றிக் கத்தியால் வெட்டிக் காட்டல் அரிது.

தாளின் இயல்பு ஒன்றுண்டு. அது வளையும், ஆனால், இழுத்தால் நீளாது. ஆதலின் உருளையும் கூம்பும் தாளில் எளிதில் அமையும், பந்து அமையாது. அடியின் ஆரம் 1 சென்டிமீட்டரும் சாய்வு 8 சென்டிமீட்டருமாகிய கூம்பு வேண்டின், 8 சென்டிமீட்டர் ஆரத்தில் 45 பாகைக் கோணமுள்ள வட்டத்துண்டை வெட்டிச் சுருட்டினால் போதும். 360 பாகையில் எட்டில் ஒரு பங்கே அது. மூக்கு இவ்வாறு முடியும்.

இடர் நடுவுடலில்தான். மாருதத்தின் உடல் இறக்கை சேருமிடத்தில் இடைபோல் ஒடுங்கியிருக்கும். ஒலியின் விரைவை நெருங்கும்போது காற்றின் தடை குறைதற்பொருட்டு அவ்வாறு அமைத்தனர். இவ்வொடுக்கத்தைத் தாளில் காட்ட, உடலைப் பல வளையங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் நுனி வெட்டிய கூம்பாகக் கொள்ளல் வேண்டும். கூம்பின் பகுதியை விரித்தால் அது நேரான பட்டையாக இராது, வில்போல் வளைந்திருக்கும். நேர்ப்பட்டையாக வெட்டியவன், மூட்டுகளில் படிக்கட்டுகளைக் கண்டு திகைப்பான்.

வளையங்களின் உள்ளே அட்டை வட்டங்களை வைத்தல் உறுதி தரும். அப்போது தாளின் தடிப்பை மறத்தல் ஆகாது. 0.2 மில்லிமீட்டர்த் தாள்தானே என்று எண்ணி வட்டத்தின் ஆரத்தில் அதனைக் கழியாது விட்டால், சுற்றளவில் ஒன்றேகால் மில்லிமீட்டர் குறைபட்டு, அடிவயிற்றில் வெள்ளைக் கீற்றொன்று வாய் பிளந்து நிற்கும்.

கடற்கரையூராகிய பூவத்தில் ஈரமும் ஒரு பகையாம். தாளின் இழைகள் ஒரு திசையில் ஓடுகின்றன. ஈரம் பட்டால் அவற்றின் குறுக்கே தாள் விரியும். தாளை இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பார்க்க, எளிதில் வளையும் பக்கம் எதுவெனப் புலப்படும். உடலைச் சுருட்டுதற்கு அப்பக்கமே உரியது. நீர்த்த பசையைத் தடவினால் சுற்றளவு வளர்ந்து மூட்டு பொருந்தாது. ஆதலின் கெட்டியான பசையைக் குச்சி நுனியால் சிறிதே இடல் நன்று. ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் இறக்கைகள் தொய்தலும் உண்டு. உள்ளே அட்டைக் கீற்றொன்றை இரு முனைவரை ஓடவிட்டால் அவை தாழா.

இறக்கைகளை ஒட்டியபின், மேசையிலிருந்து இரு முனைகளின் உயரத்தையும் அளவுகோலால் அளந்து, பசை உலருமுன் திருத்துக. சக்கரங்கள் மூன்று: மூக்கின்கீழ் ஒன்று, நடுவுடலின்கீழ் இரண்டு. பின்புறம் கனத்தால் சிற்றுரு வால் ஊன்றி அமர்ந்துவிடும். அதனைத் தடுக்க மூக்கினுள் சிறு கல்லொன்றை வைத்தல் வேண்டும். மூக்குக் கூம்பை ஒட்டி மூடுவதற்கு முன்னரே வைத்தல் வேண்டும்.