நிழற்படமும் நிழலும்

புகைப்படம் என்பதினும் நிழற்படம் என்னும் சொல்லே நம் செவிக்கு இனியது. ஆயினும் கடவுச்சீட்டுக்காக எடுக்கப்பெறும் நிழற்படத்தில் நிழலுக்கு இடமில்லை என்பது விந்தையே!

வளைகுடா நாடுகளில் பணிபுரிவோர் இல்லாத தெரு தக்கலையில் அரிது. தந்தையைக் காணச் செல்லும் கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, வெண்பின்னணியில் எடுத்த 4.5 செ.மீ. உயரமும் 3.5 செ.மீ. அகலமும் உள்ள படத்தைப் பெற்றோரே கொண்டுசெல்ல வேண்டும். காதோரம் நிழல் படிந்திருப்பின் படம் திருப்பப்படலாம், பயணமும் தள்ளிப்போகலாம்.

இந்நிழல் எவ்வாறு உண்டாகிறது? பள்ளியில் நாம் பயின்ற கருநிழல், புறநிழல் பாடமே இதற்கு விடை. ஒளிமூலம் சிறிதாயின் நிழலின் விளிம்பு கூர்மையாகும். பெரிதாயின் விளிம்பு கரைந்துபோகும். பிளாஷ் விளக்கின் முகம் ஐந்து செ.மீ. அகலமே உடையது. அதை ஒன்றரை மீட்டர் தொலைவில் வைத்து, சுவரை ஒட்டிக் குழந்தையை அமர்த்தினால், காதின் வடிவம் சுவரில் வெட்டி ஒட்டியதுபோல் விழும். மாறாக, ஒரு மீட்டர் அகலமுள்ள சாளரத்திற்கு எதிரே ஒரு மீட்டர் தள்ளிக் குழந்தையையும், அதற்குப் பின் மேலும் ஒரு மீட்டர் தள்ளி வெண்திரையையும் அமைத்தால், புறநிழல் ஒரு மீட்டர் அளவுக்குப் பரவி, கருநிழல் திரையை எட்டாமலே மறையும். வெயில் நேரே விழுமாயின் சாளரத்தில் மெல்லிய வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டினால் போதும். பத்மநாபபுரம் அரண்மனையின் மரச்சாளரங்கள் வெயிலைத் தணித்து உள்ளே விடும் அழகைக் கண்டோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

மற்றொரு சிக்கலும் உண்டு. ஒளிப்படக் கருவி வெண்மை மிகுந்த காட்சியைக் கண்டதும் வெளிச்சம் மிகுதி என மயங்கி, ஒளியைக் குறைத்துக்கொள்கிறது. விளைவு, வெள்ளைத் திரை சாம்பல் நிறமாகிறது. குழந்தையின் மாநிறமோ கருமையில் மூழ்குகிறது. ஒரு படியளவு ஒளியைக் கூட்டி எடுப்பதே இதற்குத் தீர்வு. சிலர் அவ்வாறு செய்யாது, பின்னர்க் கணினியில் முகத்தை வெளுப்பாக்கித் தருகின்றனர். பெற்றோரும் மகிழ்ந்து வாங்கிச் செல்கின்றனர்! இயல்பான தோல்நிறம் படத்தில் விளங்க வேண்டும் என்பது விதி. விதி இல்லாவிடினும், பிள்ளையின் நிறத்தைத் திருத்துவதை நாம் ஏற்பதற்கில்லை.

உட்காரவியலாக் கைக்குழந்தையே பெருஞ்சோதனை. விரிப்பில் கிடத்தினால் பின்னணிக்கும் தலைக்கும் இடைவெளியே இராது. வெள்ளைத் துணியை இருமடியாக விரித்து, தலை சாளரத்தை நோக்கியிருக்கக் கிடத்துதல் நன்று. அப்போது தலையின் நிழல் கழுத்துப் பக்கம் சாய்ந்து உடலிலேயே அடங்கிவிடும். கண்குழியில் இருள் தங்காதிருக்க, படச்சட்டத்திற்கு வெளியே மார்புக்குக் கீழ் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்துப் பிடிக்கலாம். தாயின் கை படத்தில் தெரியலாகாது; கண்கள் திறந்திருக்க வேண்டும். ஆகவே பால் குடித்து உறங்கி எழுந்த வேளையே தக்கது. அவ்வேளை எப்பொழுது என்பதைத் தாயே அறிவாள். படக்கலைஞர் காத்திருக்கத்தான் வேண்டும்.