பாட்டரி வண்டி வாங்க எண்ணும் சங்கங்களுக்கு

தாம்பரம் வட்டாரத்துச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களில் ஒரு பிரேரணை இப்போது அடிக்கடி வருகின்றது. சரக்கு ஏற்றுவதற்குச் சொந்தமாக ஒரு பாட்டரி மூன்று சக்கர வண்டி வாங்கலாம். அதற்கு வரி இல்லை, பெர்மிட் இல்லை, ஆகவே லாபம் என்பது அதன் சாரம். வண்டி வேண்டாம் என்பது நம் கட்சியன்று. புகையும் இரைச்சலும் இல்லாத வண்டி குறுகிய தறித் தெருக்களுக்கு நல்லதே. ஆயினும் சட்டம் எதைத் தருகின்றது, எதைத் தரவில்லை என்பதைப் பிரித்தறிந்த பின்னரே அங்கத்தினர்கள் கை தூக்க வேண்டும்.

மின்சாரத்தால் ஓடும் ஊர்தி இப்பகுதிக்குப் புதிதன்று. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து மின்சாரப் பஸ்கள் புறப்பட்டன. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் கணக்குப் பார்க்க நிபுணர்கள் உண்டு. நம் வண்டிக்கு நாமே பார்க்க வேண்டும்.

முதலில் வரி. மோட்டார் வண்டிகளுக்கு நம் மாநிலத்தில் வரி விதிப்பது 1974-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டம். பாட்டரி வண்டிக்கு அதிலிருந்து கிடைக்கும் விலக்கு நிரந்தரமானதன்று, காலக்கெடுவுடன் அளிக்கப்படுவது. 2019 செப்டம்பரில் வெளியான மின்சார வாகனக் கொள்கை 2022 டிசம்பர் 31 வரை முழு வரி விலக்கு அளித்தது. 2023 பிப்ரவரியில் திருத்தப்பட்ட கொள்கை அதனை 2025 டிசம்பர் 31 வரை நீட்டியது. அத்திருத்தம் நாடியது 50,000 கோடி ரூபாய் முதலீட்டையும் ஒன்றரை லட்சம் வேலைகளையும் என்பதை மறக்கலாகாது. தொழிற்சாலைகளை ஈர்க்கும் நோக்கமே அதில் பெரிது. நம் சங்கத்தின் வரவு செலவு அதில் எழுதப்படவில்லை. ஆகவே வண்டி பதிவாகும் நாளில் அமுலில் உள்ள ஆணை எது என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, ஆணையின் நகலை நடவடிக்கைப் புத்தகத்துடன் வைக்க வேண்டும். வியாபாரி கொடுத்த துண்டுப் பிரசுரம் ஆதாரமாகாது.

அடுத்தது பெர்மிட். பாட்டரியால் ஓடும் வாடகை, சரக்கு வண்டிகளுக்குப் பெர்மிட் தேவையில்லை என்று 2018 அக்டோபரில் மத்திய சர்க்கார் அறிவித்தது உண்மை. ஆனால் மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவே சொல்கின்றது. டீசல் வண்டிக்கும் அது பொருந்தும். நாம் வாங்கும் சிறு வண்டிக்கு எப்போதும் வேண்டாத பெர்மிட்டைப் புதிய லாபமாகக் கணக்கில் எழுதுவது வேடிக்கை. பதிவுக் கட்டணம் 2021-இல் நீக்கப்பட்டதேயன்றிப் பதிவு நீக்கப்படவில்லை. இன்ஷூரன்ஸும் ஓட்டுநர் லைசென்ஸும் எப்போதும்போல் அவசியம்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. மின்சார வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டு முதல் 5 சதவீதம். டீசல், பெட்ரோல் மூன்று சக்கர வண்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆயிற்று. வித்தியாசம் இன்னும் உண்டு, ஆனால் குறைந்துவிட்டது. பழைய கணக்கைக் காட்டும் பிரேரணையைத் திருப்பி அனுப்புக.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். லாபத்தைத் தீர்மானிப்பது வரி அன்று, வண்டி ஓடும் தூரமே. உதாரணமாக, டீசல் வண்டியைவிட ஒரு லட்சம் ரூபாய் அதிகமாகக் கொடுத்துப் பாட்டரி வண்டி வாங்கியதாகவும், கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் மிச்சமாவதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குக் கைக்குட்டைத் துணி அனுப்பிய, இன்று வாழைநாரிலும் சேலை நெய்கின்ற அனகாபுத்தூரில் ஒரு சங்கம் நூல் சிப்பமும் சேலைக் கட்டும் ஏற்ற நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர், ஆண்டில் 250 நாள் ஓட்டினால் 5,000 கிலோமீட்டர். மிச்சம் 12,500 ரூபாய். கொடுத்த லட்சம் திரும்ப எட்டு ஆண்டுகள் ஆகும். அதற்குள் பாட்டரியை மாற்ற நேரலாம். படப்பைப் பக்கம் கீரையும் காய்கறியும் பயிரிடுவோர் கோயம்பேட்டுக்கும் தாம்பரம் மார்க்கெட்டுக்குமாக நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர், 300 நாள் ஓட்டினாலோ மிச்சம் 60,000 ரூபாய். இருபது மாதத்தில் லட்சம் திரும்பிவிடும். ஒரே வண்டி, ஒரே சலுகை. ஒரு சங்கத்துக்கு லாபம், மற்றதற்குச் சுமை. குறைவாக ஓட்டும் சங்கம் அண்டைச் சங்கத்துடன் சேர்ந்து வாங்குவதே கூட்டுறவுக்கு ஏற்ற வழி. விடியலில் கீரை, பிற்பகலில் துணி என்று முறை வைக்கலாம். இடையில் பாட்டரி ஏற்ற நேரம் ஒதுக்க வேண்டும்.

எங்கே ஏற்றுவது? இதில்தான் ஆபத்து. கைத்தறி நெசவாளருக்கு இரு மாதத்துக்கு இலவசமாகத் தரும் மின்சாரம் 2023-இல் 300 யூனிட்டாகவும், விசைத்தறிக்கு 1,000 யூனிட்டாகவும் உயர்த்தப்பட்டது. அது தறிக்கு, விவசாய இலவச இணைப்பு பம்புசெட்டுக்கு. அவ்விணைப்புகளில் சங்கத்தின் சரக்கு வண்டிக்கு மின்சாரம் ஏற்றினால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு விதிக்க இடமுண்டு. வண்டி சங்கத்துடையது, பில் வருவதோ இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அந்த அங்கத்தினருக்கு. ஆகையால் வண்டி ஏற்றுவதற்கு உரிய இணைப்பைச் சங்கக் கட்டடத்தில் சங்கத்தின் பெயரிலேயே பெற்று, அதன் செலவையும் அதே தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.